பச்சைத் திரையும் ஒரு பேங்க் டிராஃப்டும்

(நமது அறக்கட்டளையின் கணினிப் பயிற்சி வகுப்பு நிறைவு நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)





தலைவர் அவர்கள் என்னைப் பதினைந்து நிமிடம் பேசச் சொன்னார். அதற்கு மேல் போனால் சமோசா ஆறிவிடும் என்றும் காதோடு சொன்னார். முடிந்தவரை பார்க்கிறேன்.

போன வாரம் வகுப்பை எட்டிப் பார்த்தபோது ஒரு பிள்ளை கேட்டது: "மாமா, நீங்க சவூதில கம்ப்யூட்டர்ல வேலை பாத்தீங்களாமே, அப்ப என்ன விண்டோஸ் இருந்துச்சு?" விண்டோஸ் இல்லை, மவுஸ் இல்லை, படம் இல்லை, கலர்கூட இல்லை என்றேன். "அப்ப என்னதான் இருந்துச்சு?" என்றது அந்தப் பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகு யோசித்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால், உங்களில் சிலர் நாளை நம் உதவி மேசையில் உட்காரப் போகிறீர்கள். சிலர் இ-சேவை மையத்துக்கு வேலைக்குப் போகப் போகிறீர்கள். அங்கே வருகிற பத்துப் பேரில் நாலு பேர் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "கம்ப்யூட்டர்ல தப்பா ஏறிடுச்சு." அந்த வார்த்தையோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

நான் மதரஸாவில் ஓதிவிட்டுக் கல்லூரிக்குப் போனவன். 1989இல் பி.காம். முடித்தேன். அத்தா நெல் மண்டியில் கணக்கு எழுதினார். குறிப்பேட்டில் எழுதி, பேரேட்டில் ஏற்றி, இரவு விளக்கு வெளிச்சத்தில் கூட்டிப் பார்த்து, ஒரு காலணா இடித்தால்கூடச் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். நான் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவன். விரல் வேகமாக ஓடும் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம். அதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் ஊரில் பயம். வேலையை எல்லாம் தின்றுவிடும் என்றார்கள். பயத்திலும் காரணம் இருந்தது. வங்கிகளில் எந்திரம் வைப்பது பற்றி 1983இல்தான் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் ஒப்பந்தமே போட்டுக்கொண்டன. மறு வருடம் ரங்கராஜன் குழு அறிக்கை வந்தது. அதன் பிறகு கிளைகளில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின் என்ற ஒன்று மெல்ல மெல்ல வந்தது. அத்தா அதைக் கேள்விப்பட்டு, "மெஷின் கூட்டும், சரி. இந்த ஆள் இந்த மாசம் கஷ்டத்துல இருக்கான், பாக்கியைக் கேக்க வேணாம்னு அதுக்குத் தெரியுமா?" என்றார். அவர் கவலை அவருக்கு.

நான் முதன்முதலில் டெர்மினலைப் பார்த்தது சென்னை சென்ட்ரல் முன்பதிவு மையத்தில், 1991இல். விசாவுக்காகப் பம்பாய் போக வேண்டும். அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு ரயிலுக்கும் தனி ரிஜிஸ்டர், தனி கவுண்டர். வரிசை மாறி நின்றுவிட்டால் அரை நாள் போச்சு. 1985 கடைசியில் டெல்லியில் ஆரம்பித்த கம்ப்யூட்டர் முன்பதிவு சில வருடங்களிலேயே சென்னைக்கும் வந்துவிட்டது. எந்தக் கவுண்டரில் நின்றாலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை, எதையோ பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கறுப்புப் பெட்டிக்குள் வெளிச்சமான எழுத்து. கரகரவென்று ஒரு பிரிண்டர் சத்தம். அச்சடித்த டிக்கெட் வெளியே வந்தது. அதைப் பம்பாய் போகும்வரை பத்து தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பேன். 

பம்பாயில் இருபத்து மூன்று நாள் லாட்ஜில் கிடந்து, பிறகு தம்மாம் போய்ச் சேர்ந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். கட்டுமான வேலை செய்கிற கம்பெனி, ஆயிரத்துக்கு மேல் தொழிலாளிகள். சம்பளப் பிரிவில் கிளார்க் வேலை என்று விசாவில் இருந்தது. போன மறுநாள் என்னை ஓர் அறைக்குள் அழைத்துப் போய், "இதுதான் உன் மேசை" என்றார்கள். மேசை மேல் அந்தப் பச்சைத் திரை.

அது இப்போது நீங்கள் பார்க்கிற கம்ப்யூட்டர் இல்லை. அதற்குச் சொந்தமாக மூளை கிடையாது, சேமித்து வைக்க இடமும் கிடையாது. திரை, கீபோர்டு, பின்னால் ஒரு வயர், அவ்வளவுதான். "டம்ப் டெர்மினல்" என்று பெயர். ஊமைப் பெட்டி என்று நாங்கள் சொல்வோம். வயர் போய்ச் சேருகிற இடம் குளிரூட்டிய தனி அறை. அங்கே ஐ.பி.எம். கம்பெனியின் ஏ.எஸ்./400 எந்திரம் இருந்தது. 1988இல் வெளியான மாடல், அப்போது அது புதுசு. எங்கள் கட்டடத்தில் முப்பது டெர்மினல் இருந்தாலும் மூளை அது ஒன்றுதான். அந்த அறை சாவி ஒரு பிலிப்பைன்ஸ்காரரிடம் இருக்கும். அவரை நாங்கள் முதலாளியைவிட மரியாதையாக நடத்துவோம்.

திரையில் இருபத்து நாலு வரி. ஒரு வரிக்கு எண்பது எழுத்து. ஏன் எண்பது என்று அந்தப் பிலிப்பைன்ஸ்காரரைக் கேட்டேன். 1928இல் ஐ.பி.எம். கொண்டுவந்த துளை அட்டையில் எண்பது பத்திகள் இருந்தனவாம். அட்டை போய்விட்டது, கணக்கு மட்டும் நின்றுவிட்டது என்றார். மனிதன் பெயர் எவ்வளவு நீளம் என்று கேட்டு யாரும் அந்தப் பெட்டியைச் செய்யவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கீபோர்டு நல்ல கனம். தலையில் போட்டால் ஆள் காலி. ஒவ்வொரு விசைக்கும் டக் டக்கென்று சத்தம் வரும், எனக்கு நம்ம ஊர் இன்ஸ்டிட்யூட் ஞாபகம் வந்துவிடும். எண் அடிக்க வேண்டிய கட்டத்தில் எழுத்தை அடித்தால் கீபோர்டு பூட்டிக்கொள்ளும். திரையின் அடியில் ஒரு நம்பர் மின்னும். ரீசெட் விசையை அழுத்தினால்தான் விடும். எட்டு மணி நேரம் பச்சை எழுத்தையே பார்த்துவிட்டு வெளியே வந்து வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தால் அது ரோஜா நிறமாகத் தெரியும். முதல் வாரம் கண் கெட்டுப்போச்சு என்று பயந்து அழுதேன். கூட இருந்த மலையாளி, "எல்லாவர்க்கும் இங்ஙனெ தன்னெ" என்றார். வருடக்கணக்கில் ஒரே மெனு நின்றதில், பெட்டியை அணைத்தாலும் அந்த வரிகள் கண்ணாடியில் நிழலாகத் தெரியும். மாதக் கடைசி இரவில் சம்பளப் பட்டியல் ஓடும். பச்சைக் கோடு போட்ட, ஓரத்தில் ஓட்டை போட்ட காகிதம் மடிப்பு மடிப்பாக வந்து விழுந்துகொண்டே இருக்கும்.

இரண்டே மாதத்தில் எனக்கு அங்கே ஒரு மதிப்பு வந்துவிட்டது. அதற்குக் காரணம் பி.காம். இல்லை, டைப்ரைட்டிங்கும் இல்லை. மதரஸா.

அந்த டெர்மினலில் ஆங்கிலமும் அரபியும் அடிக்கலாம். ஒரு விசையை அழுத்தினால் திரை வலமிருந்து இடமாகத் திரும்பும். அலிஃப், லாம், மீம் எல்லாம் இருக்கிற இடத்துக்கு ஏற்றபடி தானாகவே வடிவம் மாறிச் சேர்ந்துகொள்ளும். பார்க்க அழகாக இருக்கும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கிலப் பெயரும் இகாமாவில் உள்ள அரபிப் பெயரும் இரண்டுமே ஏற வேண்டும். இங்கேதான் சிக்கல். நம் ஆட்கள் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். முஹ்யித்தீன் என்ற பெயரை நம் ஜில்லாவில் மட்டும் எத்தனை விதமாக எழுதுகிறோம்? மொகிதீன், மைதீன், மொய்தீன், முகைதீன். பாஸ்போர்ட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பெல்லிங். அதைப் பார்த்து அரபியில் எழுதுகிற ஆள், காதில் விழுந்தபடி "மீம், யே, தால், யே, நூன்" என்று எழுதிவிடுவார். அந்தப் பெயரில் ஹே இருக்கிறது, 'தீன்' தனிச் சொல், மார்க்கம் என்று பொருள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? காஜா என்பதில் உச்சரிக்காத ஒரு வாவ் ஒளிந்திருக்கிறது. அப்துல் காதரை இரண்டாக வெட்டி, அப்துல் ஒரு கட்டத்தில், காதர் ஒரு கட்டத்தில் என்று போட்டுவிடுவார்கள். வெறும் அப்துல் என்றால் 'இன்னாரின் அடிமை' என்று பாதியில் நிற்கிற சொல். யாருடைய அடிமை என்பது அடுத்த கட்டத்தில் கிடக்கும்.

இதோடு இன்னொன்று. அங்கே சொந்தப் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், குடும்பப் பெயர் என்று நாலு கட்டம். நமக்கு இனிஷியல்தான். நம் மாவட்டத்து இந்துச் சகோதரர்களுக்கும் அப்படியே. "உன் குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டால் பாவம், ஊர் பெயரைச் சொன்னவர் உண்டு. அவர் சம்பளப் பட்டியலில் கடைசிவரை ஒரு கிராமமாகவே இருந்தார்.

இதையெல்லாம் நான் உட்கார்ந்து திருத்தினேன். ஹஜ்ரத்மார்கள் பிரம்பு வைத்துச் சொல்லிக்கொடுத்த எழுத்து வித்தியாசம் தம்மாமில் சோறு போட்டது. "மௌலவியிடம் கேள்" என்பார் மேனேஜர். நான் மௌலவி பட்டம் வாங்கவில்லை, பாதியில் வந்தவன் என்று சொல்லிப் பார்த்தேன். பெயர் நின்றுவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பக்கத்துக்காரர் ஒரு அண்ணன் அங்கே கம்பி கட்டுகிற வேலையில் இருந்தார். குடும்பம் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது, அதனால் பெயர் சொல்லவில்லை. அவர் மாதாமாதம் வீட்டுக்கு அனுப்புகிற பணத்தைக் கம்பெனி சம்பளத்தில் பிடித்து, வங்கிக்குப் பட்டியல் கொடுக்கும். வங்கி டிராஃப்ட் அடித்துத் தரும். இவர் அதைக் கவரில் போட்டு ரெஜிஸ்டர் தபாலில் ஊருக்கு அனுப்புவார். அப்போது ரியாலுக்கு எட்டு ரூபாய் சில்லறை. டிராஃப்ட் மனைவி பெயரில். உதாரணத்துக்கு நூருன் நிஸா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1993இல் ஒரு நாள் சம்பளப் பிரிவு ஜன்னலுக்கு வந்தார். மனைவியின் பேங்க் பாஸ்புக்கில் ஒரு ஸ்பெல்லிங், டிராஃப்டில் ஒரு ஸ்பெல்லிங், முன்னால் ஒரு எழுத்து மாறுகிறது, மாற்றித் தர முடியுமா தம்பி என்றார். இதென்ன பெரிய வேலை என்று சொன்னேன். அன்று மாதக் கடைசி. முன்னூறு பேர் கணக்கு பாக்கி. இரவு பதினொரு மணிக்கு அவர் திரையை எடுத்தேன். கர்சரை நகர்த்தி 'நூருன்' என்பதில் இருந்த தவறான எழுத்தைத் திருத்தினேன். அடுத்து, எப்போதும் அழுத்துகிற விசையை அழுத்தினேன். ஃபீல்டு எக்ஸிட் என்று அதற்குப் பெயர்.

பிள்ளைகளே, அந்த விசை என்ன செய்யும் தெரியுமா? ஒரு கட்டத்தை முடித்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போகும். போகும்போது, கர்சர் நிற்கிற இடத்துக்கு வலப்பக்கம் அந்தக் கட்டத்தில் என்ன இருந்தாலும் துடைத்துவிட்டுப் போகும். புதுசாகப் பெயர் அடிக்கும்போது அது வசதி. நடுவில் திருத்தும்போது அது கத்தி. இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. விரல் ஓடிவிட்டது, கண் பார்க்கவில்லை. 'நிஸா' போய்விட்டது. 'நூருன்' மட்டும் நின்றது. என்டர் அடித்தேன். அடுத்த ஆள்.

டிராஃப்ட் வந்தது. அண்ணனுக்கு ஆங்கிலம் கையெழுத்துப் போடுகிற அளவுதான். கவரில் போட்டு அனுப்பினார். ஊரில் வங்கியில் பெயர் முழுசாக இல்லை, ஏற்க முடியாது என்றார்கள். அது அவர்கள் சட்டம். அந்த அம்மா கேஸட்டில் பேசி அனுப்பினார்கள். அப்போது கடிதத்தைவிடக் கேஸட்தான், பிள்ளைகள் அழுகிற சத்தம், சேவல் கூவுகிற சத்தம் எல்லாம் அதில் வரும். அது வந்து சேர்வதற்குள் அடுத்த மாத டிராஃப்டும் அதே 'நூருன்' பெயரில் போய்விட்டது. இரண்டும் திரும்பி வந்து, புதுசாக அடித்து, பணம் கைக்குக் கிடைக்க மூன்று மாதம்.

அண்ணன் ஜன்னலில் வந்து நின்றபோது எங்கள் சூப்பர்வைசர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "கம்ப்யூட்டர் மிஸ்டேக்." அண்ணன் தலையாட்டினார். யாரால் கம்ப்யூட்டரோடு சண்டை போட முடியும்?

அன்று இரவு நான் பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தேன். யார் எந்தப் பதிவை எப்போது மாற்றினார்கள் என்று அந்த எந்திரம் குறித்து வைத்துக்கொண்டே வரும். அந்த வரிக்கு எதிரே என் யூசர் ஐடி, தேதி, இரவு பதினொன்று சொச்சம். பேரேட்டில் தப்பு வந்தால் கையெழுத்தைப் பார்த்து, இது இன்னார் எழுதியது என்று அத்தா சொல்லிவிடுவார். பச்சை எழுத்தில் எல்லோர் கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கிறதே, அந்தத் தைரியம் எனக்கு. ஆனால் அது என் பெயரை எழுதித்தான் வைத்திருந்தது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

1995இல் விடுமுறையில் ஊருக்கு வந்தேன். சபுராளிகள் ஊருக்கு வந்தால் மற்றவர்கள் பார்சலைக் கொண்டு கொடுப்பது வழக்கம், உங்களுக்குத் தெரியும். அண்ணன் வீட்டுக்கும் ஒரு பார்சல். டீ கொடுத்தார்கள். பேச்சுவாக்கில் அந்த அம்மா சொன்னார்கள்: "உங்க அண்ணன் விசாவுக்கு என் ஆறு பவுன் சங்கிலியை வெச்சிருந்தோம் தம்பி. கெடு முடியறதுக்குள்ள மூட்டுடலாம்னு பாத்தேன். அந்த ரெண்டு மாசம் பணம் வரலே. ஏலத்துக்குப் போயிடுச்சு. என்னமோ கம்ப்யூட்டர் தப்பாம்." எங்க உம்மா போட்டது என்று வேறு சொன்னார்கள். அவர்கள் முகத்தில் கோபம் இல்லை. மழை பெய்து நெல் நனைந்துவிட்டது என்பதுபோலச் சொன்னார்கள். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீராணம் கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு நெடுநேரம் நின்றது ஞாபகம் இருக்கிறது.

தம்மாம் திரும்பி ஒரு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, கேம்ப்பில் அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன். பட்டியல் காகிதத்தையும் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரெண்டு வருஷமா ஏன் சொல்லலே?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

நஷ்டத்தை நான் தருகிறேன் என்றேன். சும்மா இருக்கட்டும் தம்பி என்று சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. அவர் சொல்லவில்லை. காகிதம் எடு என்றார். ஏலம் போன விலை, அடகுக் கடன், வட்டி, அன்றைய பவுன் விலை எல்லாம் எழுதிப் பார்த்தோம். 1,650 ரியால் வந்தது. மாதம் 150 வீதம் பதினொரு மாதம் கொடுத்தேன். ஒவ்வொரு மாதமும் எண்ணித்தான் வாங்குவார். அப்படி அவர் எண்ணி வாங்கியதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

அதோடு விடவில்லை அவர். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஜன்னலுக்கு வந்து நிற்பார். "என் பொண்டாட்டி பேரைப் படி" என்பார். நான் திரையைப் பார்த்து எழுத்து எழுத்தாகப் படிப்பேன். அவர் கையில் வைத்திருக்கிற பாஸ்புக் ஜெராக்ஸில் ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்துக்கொண்டே வருவார். ஆங்கிலம் தெரியாது, ஆனால் வடிவம் பார்க்கத் தெரியும். அவரைப் பார்த்துவிட்டுப் பக்கத்து அறைக்காரர், அவரைப் பார்த்து இன்னொருவர். சிதம்பரம், புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆட்கள், தெலுங்குக்காரர், வங்காளி என்று கடைசியில் வரிசையே நின்றது. வேலை கெடுகிறது என்று சூப்பர்வைசர் கத்தினார். ஆனால் அந்த வருடம் திரும்பி வந்த டிராஃப்ட் என் மேசையில் ஒன்றுகூட இல்லை. அதன் பிறகு அவரும் கத்துவதை நிறுத்திவிட்டார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். 1998, 99இல் இரண்டாயிரமாம் ஆண்டுப் பிரச்சினை என்று எல்லா இடத்திலும் வருடத்துக்கு இரண்டு இலக்கமாக இருந்த கட்டத்தை நாலு இலக்கமாக்கினோம். மேசைக்கு மேசை மவுஸ் வைத்த கம்ப்யூட்டர் வந்தது. பச்சைத் திரைகளை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 2000இல் நானும் ஊர் திரும்பினேன்.

இப்போது நம் உதவி மேசையில் உட்கார்ந்தால், அந்த ஜன்னல் அப்படியே வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒன்று. கணவர் மவுத்தான பிறகு விதவை உதவித்தொகைக்குப் போகிற அம்மாவிடம், இறப்புச் சான்றிதழில் இருக்கிற பெயர் உங்கள் கணவருடையதுதானா என்று கேட்கிறார்கள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவரிடம் அப்படி ஒரு கேள்வி. கேட்கிறவர் மேல் தப்பில்லை, அவர் முன்னால் இருக்கிற இரண்டு காகிதமும் இரண்டு ஆளைக் காட்டுகிறது. அந்த அம்மாவும், "கம்ப்யூட்டர்ல தப்பா ஏறிடுச்சு தம்பி" என்றுதான் சொல்கிறார்.

ஆதார் பதிவு செய்கிற இடத்தில் ஊழியர் பார்க்கிற திரை தவிர, பதிவு செய்ய வந்தவர் பார்ப்பதற்கென்று இன்னொரு திரை இருக்க வேண்டும் என்பது விதி. அடிக்கிற பெயரை நாம் அப்போதே சரிபார்க்கத்தான் அது. ஆங்கிலத்தில் அடித்தால் தமிழில் தானாக வந்து விழும். அந்தத் தமிழ் பல சமயம் நம் பெயராக இருக்காது. நம்மில் எத்தனை பேர் அந்தத் திரையைப் பார்க்கிறோம்? கேமராவைப் பார்க்கச் சொன்னால் பார்க்கிறோம், விரலை வைக்கச் சொன்னால் வைக்கிறோம், வந்துவிடுகிறோம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். அவசரப்பட்டு ஒரு தடவையை வீணாக்கிவிட்டு வருகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

பாஸ்போர்ட்டும் அப்படித்தான். துபாய், அபுதாபி போகிற பிள்ளைகள் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்து குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. அன்று தம்மாமில் ஊர் பெயரைக் குடும்பப் பெயராகச் சொன்னவரை நினைத்துக்கொண்டேன். புதுசாக எடுக்கிறவர்கள் முதலிலேயே தகப்பனார் பெயரை அந்தக் கட்டத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

மேசையில் உட்காரப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் அடித்ததில் தப்பு வந்தது என்று தெரிந்தால், கம்ப்யூட்டர் தப்பு என்று சொல்லாதீர்கள். "நான் அடிச்சது தப்பாயிடுச்சு, மாத்தித் தர்றேன்" என்று சொல்லுங்கள். அன்றைக்கே சொல்லுங்கள். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். முதல் மாதமே நான் ஜன்னலில் சொல்லியிருந்தால், அண்ணன் யாரிடமாவது கைமாற்று வாங்கி வட்டியைக் கட்டச் சொல்லி வீட்டுக்குத் தந்தி கொடுத்திருப்பார். சங்கிலி தப்பியிருக்கும்.

அந்த அண்ணன் போன வருடம் மவுத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில், அவர் மகனோடு இறப்புச் சான்றிதழுக்கு நானும் போனேன். உங்களுக்கு எதற்கு மாமா சிரமம் என்று மகன் கேட்டான். விஷயம் அவனுக்குத் தெரியாது. கணினியில் இருந்த தம்பியிடம் அண்ணன் பெயரை, அவர் தகப்பனார் பெயரை, மனைவி பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அந்த அம்மாவின் பெயருக்கு வந்தபோது இரண்டாவது பாதியை இரண்டு தடவை சொன்னேன். அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே திரையைத் திருப்பிக் காட்டினார். முழுசாக இருந்தது.

சரி, சமோசா ஆறியே போயிருக்கும். இப்போது சான்றிதழ் வழங்கப் போகிறோம். அதில் உங்கள் பெயர்களை நான்தான் அடித்தேன். மேடையிலேயே படித்துப் பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். தப்பு இருந்தால் என்னிடம் கொடுங்கள், நான் பக்கத்து அறையில்தான் இருப்பேன், பிரிண்டர் ஆன் செய்துதான் இருக்கிறது.